திறப்பைக் கொடுத்தது நான்

அன்பின் குணா,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை, கோபிக்காதே. அம்மா சுகம். பின்வளவு மா இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது. சரி, விசயத்துக்கு வருகிறேன்.

அக்காவின் கடைக்குட்டி, உன்னை 'ரொபி மாமா' என்று கூப்பிடுகிறவன், அவனுக்கு இப்போது 16 வயது. போன மாதம் என் மோட்டார் சைக்கிளில் டியூசனுக்குப் போனவன், கொக்குவிலில் ஒழுங்கைக்குள்ளிருந்து சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவரை மோதிவிட்டான். அவருக்குத் தோள் எலும்பு வெடித்துவிட்டது. இப்போது பரவாயில்லை, கிழமைக்கு இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். திறப்பை அவன் கையில் கொடுத்தது நான்தான் மச்சான்.

சின்னப் பெடியன், எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்று அத்தான் கட்டாரிலிருந்து சொன்னார். நானும் அதை நம்பினேன். ஆனால் ஒரு விபத்துக்கு இரண்டு நீதிமன்றம்! அவனுக்குச் சிறுவர் நீதிமன்றம், லைசென்ஸ் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுத்த எனக்கு நீதவான் நீதிமன்றம். இரண்டு பேரையும் ஒரே வழக்கில் சேர்த்திருந்தால் அவனும் பெரிய ஆட்களின் நீதிமன்றத்துக்குத்தான் வந்திருப்பான் என்று சட்டத்தரணி சொன்னார். சிறுவர், இளம் ஆட்கள் பற்றிய 1939 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி 16 வயதோடு சிறுவர் கணக்கு முடிந்துவிடுமாம், 2022 இல்தான் அதை 18 ஆக்கியிருக்கிறார்கள். சில வருடம் முந்தி இது நடந்திருந்தால் அவன் கசிப்புச் சாராய வழக்குக்காரரோடு வரிசையில் நின்றிருப்பான். அதை நினைத்து அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

தண்டப்பணம் பெரிதில்லை என்று சொல்லமாட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் ஓடினாலும் சரி, ஓடக் கொடுத்தாலும் சரி, 25,000 ரூபாவுக்குக் குறையாது. பெரியவரின் மருத்துவச் செலவும் என் பொறுப்புத்தான். ஆனால் என்னை உலுக்கியது காசு இல்லை. சிறுவர் நீதிமன்றத்தில் அன்று அக்காவையும் அவனையும் மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள், வெளி ஆட்களுக்கு அங்கே இடமில்லை. வெளியே வந்த அக்கா ஒரு வார்த்தையும் பேசவில்லை. இனி நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து, அவன் எப்படி வளர்கிறான், யாரோடு திரிகிறான், யார் கண்டிக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும். சிறுவனின் பெயரோ படமோ வெளியே வரக்கூடாது என்பதுதான் சட்டம், அதற்குள் யாரோ ஒருவர் அவன் வீதியோரம் அழுதுகொண்டு நிற்கிற படத்தை முகநூலில் போட்டுவிட்டார். அவன் இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை.

நாங்களும் அந்த வயதில் உன் பெரியப்பாவின் எம்.டி. 90 மோட்டார் சைக்கிளை, ஸ்டார்ட் பண்ணப் பெற்றோல் விட்ட சூப்பிப் போத்தலோடு தள்ளிக்கொண்டு போனவர்கள்தான் (பெரியப்பா சொன்னதை இன்றைக்கும் எழுத்தில் எழுத முடியாது). ஆனால் அப்போது பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய வண்டி, வீதியிலும் வேறு வாகனம் இல்லை. இன்றைக்குப் பலாலி வீதியில் பின்னேரம் டியூசன் விடுகிற நேரம் வந்து நின்று பார், ஒவ்வொரு வண்டியிலும் மூன்று பேர், ஒருவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை.

அதனால்தான் எழுதுகிறேன். ஓ.எல். முடிவு வந்ததும் அவனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கக் காசு அனுப்புவதாகச் சொன்னாய் அல்லவா, அனுப்பாதே. 18 ஆகட்டும், லைசென்ஸ் எடுக்கட்டும். ஏன் என்று நீயே அவனுக்கு எடுத்துச் சொல், நான் சொன்னால் இப்போது ஏறாது. அடுத்த வழக்குத் தவணை 14 ஆம் தேதி, அதற்கு முதல் ஒருக்கால் அவனோடு கதை.

அன்புடன்,
சிவா