மாட்டுக்குப் போன ஒரு கிலோ மாவு

எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. நான் போகிற லேபில் எந்த எண் அளவைத் தாண்டினாலும் அதைத் தடித்த எழுத்தில் அச்சடிப்பார்கள். டிடிஜி ஐஜிஏ (என் நோயைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருள்) என்ற வரியில் ஐந்து வருடமாக எனக்குத் தடித்த எழுத்துதான். இந்த முறை மெல்லிய எழுத்து. கவுன்டரிலேயே நின்று இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஸ்கூட்டியில் உட்கார்ந்து அழுதேன், பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் என்னமோ ஏதோ என்று பயந்துபோய் ஒன்றைச் சீவி நீட்டிவிட்டுக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆக முதல் நன்றி அவருக்கு.

எனக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்கிற புரதம் உள்ளே போனால் என் உடம்பின் எதிர்ப்பு சக்தி என் சிறுகுடலையே தாக்கும். அலர்ஜி இல்லை, உடம்பு இளைக்க இருக்கும் டயட்டும் இல்லை (இதை எத்தனை கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை). மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் குளூட்டன் இல்லாத சாப்பாடு, அது ஒன்றுதான் வைத்தியம்.

திருச்சியில் பிறந்து இட்லியும் பழைய சோறுமாக வளர்ந்தவள் நான். 2014-ல் அவருடைய வேலைக்காக டெல்லி போனோம், ஆர்.கே.புரத்தில் வீடு. அங்கே காலையில் பிரெட், மதியம் டப்பாவில் சப்பாத்தி, ராத்திரி மறுபடியும் சப்பாத்தி. மகள் பிறந்த பிறகு ஹீமோகுளோபின் ஏழுக்கு வந்து நின்றது, அதற்கு மேல் ஏறவேயில்லை. மூன்று வருடம் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினேன். வாயில் புண், வயிறு உப்பல், கொத்துக் கொத்தாக முடி. ஒரு டாக்டர் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள், யோகா செய்யுங்கள் என்றார். செய்தேன், யோகா நன்றாக வந்தது. லீவுக்கு ஊருக்கு வந்தால் மட்டும் பத்து நாளில் முகம் தெளிந்துவிடும், எல்லோரும் அம்மா கைச் சாப்பாடு என்பார்கள், அம்மாவுக்கும் அதில் ஒரு பெருமை. இப்போது நினைத்தால், அது பாதி அம்மாவின் கை, பாதி அரிசி.

எங்கள் கீழ் வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி, இதை உங்கள் மருமகள் படித்து இந்தியில் சொல்வாள் என்று நம்புகிறேன். மாடிப்படியில் மூச்சு வாங்கி நின்றவளை உட்காரவைத்து, என் தங்கை பையனுக்கும் இப்படித்தான் இருந்தது, ஆட்டா அலர்ஜி டெஸ்ட் எடு என்று சொன்னது நீங்கள்தான். அலர்ஜி என்பது தப்பான பெயர்தான், ஆனால் சரியான பெயர் தெரிந்த யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லையே. அதோடு விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தீர்கள். அப்புறம் நவராத்திரி விரதத்துக்கு நீங்கள் வாங்கும் குட்டு மாவில் எனக்கு ரொட்டி தட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். ஆங்கிலத்தில் அதற்கு பக்வீட் என்று பெயர், பெயரைப் பார்த்து நான் பயந்து பின்வாங்க, இது கோதுமைச் சாதியே இல்லை என்று நீங்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. வேகவைத்த உருளைக்கிழங்கைச் சேர்த்துப் பிசைந்தால்தான் விரியாமல் வரும் என்பதை இங்கே நான்கு பேருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

அந்த ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஒரு விஷயத்துக்காகத் தனியாக நன்றி. நான் பயந்துபோய், இன்றைக்கே சப்பாத்தியை நிறுத்திவிடவா என்று கேட்டேன். நிறுத்தாதே என்றார். பரிசோதனை முடிவதற்குள் கோதுமையை நிறுத்தினால் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் குறைந்துவிடும், நோய் இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரலாம். இதைப் படிக்கிற யாருக்காவது சந்தேகம் இருந்தால் நீங்களாக நிறுத்திவிட்டு டெஸ்டுக்குப் போகாதீர்கள், தயவுசெய்து. ரத்தத்துக்குப் பிறகு எண்டோஸ்கோப்பி, சிறுகுடலின் முதல் பகுதியில் சின்னச் சின்னத் துணுக்குகளாகச் சதை எடுத்தார்கள். அங்கே விரல் விரலாக நிற்க வேண்டிய குடலுறிஞ்சிகள் எனக்குத் தேய்ந்து தரையாகிவிட்டிருந்தன. இரும்புச்சத்தை உடம்பு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் உறிஞ்சுகிறது. மூன்று வருட மாத்திரை எங்கே போனது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஒரு டச்சுக்காரருக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். வில்லெம் டிக்கே என்று ஒரு குழந்தை மருத்துவர். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த குழந்தைகளுக்கு என்ன கொடுப்பது என்றே தெரியாமல் இருந்தார்கள், 1924-ல் அமெரிக்காவில் ஒரு டாக்டர் வாழைப்பழம் கொடுத்துத் தேற்றினார், பழம்தான் மருந்து என்று நினைத்துக்கொண்டார்கள். டிக்கேவுக்குப் போருக்கு முன்பே கோதுமை மேல் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம், ரொட்டியே கிடையாது. ஊரே பட்டினி கிடந்தபோது இந்தக் குழந்தைகள் மட்டும் தேறின, ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தன. 1950-ல் அதை ஆய்வேடாக எழுதினார். எனக்குப் பத்து நாள் திருச்சி லீவில் நடந்ததும் அதேதான், கவனிக்கத்தான் ஒரு டிக்கே இல்லை.

2021-ல் ஊருக்கே திரும்பி வந்தோம். இனி என்ன, அரிசி ஊர் என்று எனக்கு ஒரே தெம்பு. இங்கே பலருக்கு இந்த நோயின் பெயரே புதிது. 2016-ல் வெளிவந்த ஒரு இந்திய ஆய்வில் வடக்கே நூறு பேரில் ஒருவருக்குச் சற்று மேல், தெற்கே ஆயிரத்தில் ஒருவர் என்று வந்ததாக இங்குள்ள டயட்டீஷியன் சொன்னார். நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதானாம், தின்கிற கோதுமைதான் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். சரி, நான் அந்த ஆயிரத்தில் ஒருத்தி. ஆனால் சப்பாத்தியை மறந்து, ரவையை மறந்து, சேமியாவை மறந்து, சோறும் சாம்பாரும் ரசமுமாகச் சாப்பிட்டும் ஒரு வருடம் கழித்து எடுத்த டெஸ்டில் எண் இறங்கவில்லை. திருட்டுத்தனமாகப் பரோட்டா சாப்பிடுகிறாயா என்று வீட்டில் ஒருவர் கேட்டார். யார் என்று சொல்லமாட்டேன், அவரே இதைப் படிப்பார்.

டயட்டீஷியன் மேடம், நீங்கள்தான் என் அடுப்படி டப்பாக்களை ஒன்றுவிடாமல் படம் எடுத்து அனுப்பச் சொன்னீர்கள். முப்பத்தேழு படம் அனுப்பினேன். ராத்திரி ஒன்பதரைக்கு ஒரே வரி பதில் வந்தது: பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். செல்போன் டார்ச்சை அடித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். பிசின், கோதுமை மாவு, பெருங்காயம். அந்த வரிசையில்.

கூட்டுப் பெருங்காயம் என்று ஏன் பெயர் வந்தது என்று நாற்பது வயது வரை நான் யோசித்ததில்லை. சாம்பார், ரசம், மோர்க்குழம்பு, ஊறுகாய், வத்தல், முறுக்கு, தாளித்துக் கொட்டுகிற அத்தனையிலும் ஒரு சிட்டிகை. குளூட்டன் இல்லை என்று ஒரு பொருளில் அச்சடிக்க வேண்டுமென்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, நம் நாட்டுச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. நான் மூன்று வேளையும் சிட்டிகை சிட்டிகையாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் சொன்னபோது சாம்பார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப என் கையால செஞ்ச சாம்பாராடி உனக்கு ஆகல?" என்றார், அப்புறம் அன்றைக்குப் பேசவில்லை. மறுநாள் காலையில் பெரிய கடை வீதிக்குத் தனியாகவே பஸ் ஏறிப் போயிருக்கிறார், முட்டி வலியோடு, நாட்டு மருந்துக் கடைகளாக ஏறி இறங்கி. ஒரு கடைக்காரர், "கட்டியா வர்றதுல மைதா கலந்திருக்கும்மா, பால் பெருங்காயம்தான் உங்களுக்குச் சரி, ஆனா விலை கூட" என்று உண்மையைச் சொல்லி, ஊசிமுனை அளவு போட்டாலே போதும், அள்ளிப் போட்டால் கசக்கும் என்றும் எச்சரித்து அனுப்பியிருக்கிறார். அந்தப் பெரியவருக்கு நன்றி. அம்மா அந்தச் சின்னப் பொட்டலத்தை நகையைப் போல முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். வீட்டில் இருந்த பழைய டப்பாவை நான் தூக்கிப்போடுவதற்கு முன்னால் அவரே எதிர்வீட்டில் கொடுத்துவிட்டார். அம்மா, நீ இதைப் படிக்கமாட்டாய், தம்பி படித்துக் காட்டுவான். உன் சாம்பாரில் தப்பு இல்லை, டப்பாவில்தான் தப்பு.

(தம்பிக்கும் ஒரு நன்றி. கூடப்பிறந்தவர்களும் பெற்றவர்களும் பிள்ளைகளும் டெஸ்ட் எடுக்க வேண்டும், பத்தில் ஒருவருக்கு இருக்க வாய்ப்பு என்று சொன்னதும், எனக்கு ஊசி என்றாலே ஆகாது என்று ஆறு மாதம் இழுத்தாலும் கடைசியில் எடுத்தான். இல்லை என்று வந்தது. அன்றைக்கே பரோட்டா சாப்பிட்டுப் படம் அனுப்பினான், அது தேவையா?)

இப்போது மாவு மில் அண்ணனுக்கு வருகிறேன். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே பாதி உங்களுக்காகத்தான்.

புட்டு, இடியாப்பம், கொழுக்கட்டை, அடை, முறுக்கு என்று அரிசி மாவில்தான் என் பிழைப்பே ஓடுகிறது. கடை மாவு பாக்கெட்டில் கோதுமை கையாளும் ஆலையில் தயாரித்தது என்று போட்டிருக்கும். சரி, மில்லில் அரைக்கலாம் என்றால் அதே மெஷினில் எனக்கு முன்னால் ஒருவர் பத்து கிலோ கோதுமை அரைத்துக்கொண்டு போயிருப்பார். மெஷினுக்குள்ளே தங்கிய மாவு அப்படியே என் அரிசியோடு வரும். இதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் தயங்கினேன், மடிசஞ்சி என்று நினைப்பீர்களோ, இல்லை உங்கள் மில்லைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்வீர்களோ என்று. நான் சொல்லி முடித்ததும் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு தூசி போனா ஆகாதும்மா?" கண்ணுக்குத் தெரிகிற அளவே அதிகம் என்றேன்.

அன்றிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு செவ்வாய், காலை ஆறு மணி, முதல் ஈடு எனக்கு. முந்தின ராத்திரியே மெஷினைப் பிரித்துக் கல்லைப் பிரஷ் போட்டுத் தட்டிவைத்துவிடுகிறீர்கள். மாவு விழுகிற வாயில் கட்டும் துணிக்குழாயில்தான் எல்லா மாவும் ஒட்டியிருக்கும் என்று நீங்களாகவே யோசித்து, பழைய வேட்டியைக் கிழித்து எனக்கென்று தனியாக ஒன்று தைத்து, சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவைத்திருக்கிறீர்கள். என் அரிசியைக் கொட்டுவதற்கு முன்னால் உங்கள் வீட்டு அரிசி ஒரு கிலோவைப் போட்டு ஓட்டி, உள்ளே தங்கியதையெல்லாம் அது இழுத்துக்கொண்டு வந்ததும், அந்த மாவை ஒரு பக்கெட்டில் தட்டி மாட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள். அந்த ஒரு கிலோவுக்கு நீங்கள் இதுவரை ஒரு ரூபாய் வாங்கியதில்லை. நான் வற்புறுத்தியபோது, "மாடு திங்கிறதுக்கு நீங்க ஏம்மா காசு குடுக்குறீங்க" என்றீர்கள். டயட்டீஷியனிடம் இந்த ஏற்பாட்டைச் சொன்னேன், முழு உத்தரவாதம் இல்லை, டெஸ்ட் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார். பார்த்தோம். மெல்லிய எழுத்து வந்துவிட்டது அண்ணா.

இன்னும் சிலர். அத்தை, என் தோசைக்கல் காதில் சிவப்பு நூல் கட்டி, அதை வேறு யாரும் தொட்டால் சத்தம் போடுகிறீர்கள், உங்கள் பிள்ளை உட்பட. அவருக்கு நன்றி, பரோட்டா சாப்பிட்டு வந்தால் குழாயைக்கூட முழங்கையால் திறக்கிறார். மகளே, பிறந்தநாள் விழாக்களில் கேக்கை நீ வாங்கிக்கொண்டு, "எங்கம்மாவுக்கு வேணாம், அவங்க வயித்துல போலீஸ் இருக்கு" என்று சொல்வதை நிறுத்தினாலும் பரவாயில்லை. சித்தப்பா மகள் கல்யாணத்தில் சமையல் செய்த மாஸ்டருக்கு, ஐந்நூறு இலை போகிற அவசரத்திலும் ஒரு சின்னச் சட்டியில் மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு எனக்கு மட்டும் ரசம் வைத்து, மூடி போட்டு, மேலே ஒரு வெற்றிலையை அடையாளத்துக்கு வைத்துக் கொடுத்தனுப்பினீர்கள். அந்த மண்டபத்தில் அதைவிட நல்ல ரசம் யாருக்கும் கிடைத்திருக்காது.

ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடப்போகிறது என்று ரவா கேசரியை நீட்டியவர்களுக்கும், வேண்டாம் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களுக்கும் இந்த மடலில் இடமில்லை.

மில் அண்ணா, வருகிற செவ்வாய் வருகிறேன். இந்த முறை மூன்று கிலோ புட்டு மாவுக்கு, கொஞ்சம் கொரகொரப்பாக. மாட்டுக்கான ஒரு கிலோவை நான் கொண்டுவருகிறேன், மறுக்கக் கூடாது.