சாஃப்ட்பால் சீசன்: சனிக்கிழமை சந்திப்பு

வணக்கம் நண்பர்களே,

கல்லூரி மகளிர் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற பந்தாட்டம்) சீசன் பிப்ரவரியில் தொடங்குகிறது. 2022, 2024 இரண்டு தேசிய இறுதிச் சுற்றிலும் ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியிடம் தோற்ற நம் டெக்சாஸ் பல்கலைக்கழகப் பெண்கள், 2025-இல் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழக அணியை வென்று முதல் கோப்பையை வாங்கினார்கள். கடைசி ஆட்டம் 10-4! இந்த முறை ஆஸ்டினில் ஒரு இருக்கைகூடக் காலியாக இருக்கக் கூடாது.

சந்திப்பு: ஜனவரி 31, 2026, சனி மாலை 4 மணி, வழக்கமான பூங்கா.

1. அட்டவணையைப் பார்த்து, நம் அணி ஆடும் மெக்கோம்ஸ் மைதானத்தில் எந்த ஆட்டங்களுக்கு வருவீர்கள் என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள். டிக்கெட்டைச் சேர்ந்தே வாங்கலாம்.
2. பெண் குழந்தைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். 43 அடி தூரத்திலிருந்து கையைச் சுழற்றிக் கீழிருந்து பந்து வீசுவதை அவர்கள் நேரில் பார்க்க வேண்டும். அப்புறம் விடவே மாட்டார்கள்.
3. நம் அணியின் நிறமான ஆரஞ்சு சட்டை போட்டு வாருங்கள்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று புதன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.