துரு தின்னியும் கடைசி லாடமும்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அப்புறம் வீடு மாற்றம் என்று நாள் ஓடிவிட்டது. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். நான் ஷேவ் பண்ணாததை அடுப்படியில் இருந்தபடியே கண்டுபிடிக்கிற அளவுக்குப் பார்வை திரும்பிவிட்டது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நாம் கதை சொல்லி நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாகப் பகடை உருட்டி ஆடுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் எந்த மான்ஸ்டரை இறக்கினாலும் உன் ஆட்கள் வாளை உருவிவிடுகிறார்கள், அரைமணியில் கதை முடிந்துவிடுகிறது என்று புலம்பியிருக்கிறாய். நானும் அப்படித்தான் கிடந்தேன். என்னைக் கரையேற்றியது ரஸ்ட் மான்ஸ்டர், அதாவது துரு தின்னி. சிரிக்காதே.

அதன் பூர்வீகமே வேடிக்கை. கேரி கைகாக்ஸ் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இந்த ஆட்டத்தை உருவாக்கிக்கொண்டிருந்த காலத்தில், ஹாங்காங்கில் செய்த மலிவு பிளாஸ்டிக் பொம்மைகள் கொஞ்சம் அவர் கைக்கு வந்தன. ஆதிகால விலங்குகள் என்று சொல்லி விற்ற பொம்மைகள். எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் அப்படி ஒரு விலங்கு இருந்ததில்லை. அவற்றில் வால் நுனியில் விசிறி மாதிரி ஏதோ ஒட்டியிருந்த ஒன்றுதான், 1975ல் வந்த கிரேஹாக் என்ற ஆட்டப் புத்தகத்தில் இரும்பைத் துருவாக்கித் தின்னும் பிராணியாக ஆனது. ஆந்தைத் தலைக் கரடியும் அந்தப் பொம்மைக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஒரு பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு 'நீ என்னத்தைத் தின்பாய்?' என்று யோசித்தால் போதும் போலிருக்கிறது.

நான் முதல் தடவை அதைப் பாழடித்துவிட்டேன். 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதற்கு 27 ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப்புள்ளிதான், சாதாரணப் பூச்சி. ஆனால் எங்கள் குழுவில் ஒருத்தர் மாதக்கணக்கில் சேர்த்து 1,500 பொற்காசுக்கு பிளேட் ஆர்மர் என்ற முழு உலோகக் கவசம் வாங்கியிருந்தார். உணர்கொம்பு தொட வந்தது, அவர் தப்பிக்கப் பகடை உருட்டினார், வெறும் நான்கு விழுந்தது. ஒன்றும் பேசாமல் தாளில் கவசத்தின் காப்பு எண்ணான 18ஐ ரப்பரால் அழித்து 17 என்று எழுதினார். அடுத்த சுற்றில் 16. பத்து நிமிடத்தில் பூச்சி செத்தது. மனுஷன் டீ குடித்து முடிக்கிறவரை என் முகத்தையே பார்க்கவில்லை. நியாயம்தான். அன்றைக்கு நான் கதை சொல்லவில்லை, அவரிடம் வரி வசூல் பண்ணினேன்.

அப்புறம் யோசித்தேன். அது மனிதரைத் தின்ன வரவில்லை. முப்பது அடி தூரத்துக்குள் இருக்கும் இரும்பை மோப்பம் பிடித்து வருகிறது, அவ்வளவுதான். அப்படியென்றால் அந்த ஊரில் இரும்பு எதையெல்லாம் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது?

அந்த ஒரு கேள்வியை வைத்து ஒரு மலைக் கிராமம் செய்தேன். ஊருக்குப் போக ஒரே வழி, சங்கிலியில் தொங்கும் பாலம். பூச்சி பாலத்துப் பக்கம் போகாமலிருக்க, ஊர்க் கொல்லர் ராத்திரிதோறும் எதிர்த் திசையில் ஒரு லாடம் வைத்துவிட்டு வருகிறார். லாடம் தீர்ந்தது. கலப்பைக் கொழு போனது, தோசைக்கல் கூடப் போனது. பாலத்தை விட்டால் மிச்சம் இருப்பது பழைய கிணற்று மூடியைக் கட்டிவைத்திருக்கும் சங்கிலி மட்டும். மூடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ராத்திரி உள்ளே இருந்து யாரோ தட்டுகிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்கு ஒருத்தரும் வாளைத் தொடவில்லை. ஒருத்தர் வெண்கல மணியை ஆட்டி அதைக் கூப்பிடப் பார்த்தார். வெண்கலத்தில் இரும்பு ஏது? பூச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் நம் பிளேட் ஆர்மர்க்காரர்தான் கவசம், வாள் எல்லாவற்றையும் கொல்லர் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, கோவணத்தோடு என்று வைத்துக்கொள்ளேன், அம்பு முனைகளை ஒவ்வொன்றாய்ப் போட்டுக்கொண்டே அதை மலைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனார். மூன்று மணி நேரம் ஆடினோம். இப்போது அதற்கு ராணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கொள்ளைக்காரர் கோட்டையின் இரும்புக் கதவுக்கு முன்னால் அதைக் கொண்டுபோய் நிறுத்தப் போகிறார்களாம். நான் எழுதி வைத்திருந்த பதினொரு பக்கம் அத்தோடு குப்பை.

உன் சுரங்கத்துக்கு வேண்டுமானால் ஜெலட்டினஸ் கியூப் என்ற கூழ்க் கட்டி மான்ஸ்டரை எடுத்துக்கொள். பத்தடிக்குப் பத்தடி, வழியை அடைத்துக்கொண்டு கிடப்பதையெல்லாம் விழுங்கிக்கொண்டே வரும். அந்த வழி ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று யாராவது கேட்கிறவரை வாயைத் திறக்காதே.

பொங்கலுக்கு வருகிறாய்தானே? வரும்போது உன் பகடைகளையும் எடுத்து வா. என்னுடைய இருபது முகப் பகடை வீடு மாற்றியதில் எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ, இன்னும் கிடைக்கவில்லை.

அன்புடன்,
ரவி