கமலிக்கு, பேத்தி அழுவதைப் பற்றி

அன்புள்ள கமலி,

நேற்று போனில் பேசியது பாதிதான். பக்கத்தில் மருமகன் இருந்ததால் நீ ஊம் ஊம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய், எனக்கும் தொண்டை அடைத்துவிட்டது. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம், நடந்ததை மறைக்காமல் சொன்னோம், டொக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார் என்று நீ சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மீதியை எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் நீ இரண்டு தரம் படிப்பாய்.

இங்கே இந்த வருஷம் பனி மோசம். லிந்துலைப் பக்கம் விடியற்காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவினது மாதிரி வெள்ளையாகக் கிடக்கிறது, பள்ளத்து மலைகளில் கொழுந்து கருகிப்போனது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. சின்னவள் நேர்ஸ் வேலையில் நிரந்தரமாகிவிட்டாள். சரி, இதெல்லாம் அப்புறம்.

உன் கடிதம் நாலு பக்கம். நடுவில் இரண்டே வரி. பேத்தி ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் இரண்டு மணி வரை ஓய்வதில்லை, மருமகன் பொறுக்கமாட்டாமல் தூக்கி "வாயை மூடு" என்று ஓர் உலுக்கு உலுக்கிவிட்டான், நல்ல பிள்ளைதான், தூக்கமில்லாத கோபம் என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் தேங்காய் விலைக்குப் போய்விட்டாய். எனக்கு அந்த இரண்டு வரியை விட்டு நகர முடியவில்லை. காரணம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில், சேர்ந்தது 1990-இல், நீ வவுனியாவுக்குப் போய் ஏழு வருஷம் கழித்து. நான் சொல்லப்போவது 2014-இல் நடந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ் லயத்து, அந்த வரிசை வீட்டுப் பையன் ஒருவன் கொழும்பில் கடையில் நின்றவன், வேலை போய் வீட்டுக்கு வந்துவிட்டான். வயது 22. பெண்சாதிக்கு 19. முதல் பிள்ளை. பிரசவ லீவு 84 நாள் முடிந்ததும் அவள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகத் தொடங்கினாள், காலையில் பிள்ளையை என்னிடம் விடுவாள், தேத்தண்ணி நேரத்தில் ஓடிவந்து பால் கொடுப்பாள். சில நாள் அவன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வான். அந்தப் பையனும் என் பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தவன்தான் கமலி. அவனுக்குத் திரிபோஷா சத்துமாவில் உருண்டை பிடித்து ஊட்டினது இந்தக் கை.

ஒரு நாள் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது பார்த்தேன். இடது காதுக்குப் பின்னால் நீலமாக ஒரு கன்றல். மேல் கையில் சின்னதாக இரண்டு, பெருவிரல் அழுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி. தாயைக் கேட்டேன். "தொட்டில் கயிறு பட்டது அக்கா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். மூன்றரை மாதப் பிள்ளை, இன்னும் புரளக்கூடத் தெரியாது. தானாக எங்கே போய் இடித்துக்கொள்ளும்? எனக்கு அது தெரியாமல் இல்லை. கேட்டால் சண்டை வரும், பொலிஸ், நீதிமன்றம் என்று போகும், நம் பிள்ளைகள்தானே என்று நினைத்தேன். துடைத்து, அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பவுடர் போட்டேன். கொப்பியில் "நலம்" என்று எழுதினேன். குளிப்பாட்டுகிற மேசைக்கு மேலே சுவரில் 1929 என்று சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் நம்பர் ஒட்டியிருந்தது. ஒட்டினதே நான்தான்.

பன்னிரண்டு நாள் கழித்து விடிய முன் சத்தம். பால் புரைக்கேறிவிட்டது என்றார்கள். டிஸ்பென்சரிக்குத் தூக்கி ஓடினோம், அங்கிருந்து லொறியில் பெரியாஸ்பத்திரிக்கு. போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. லயத்தில் எல்லாரும் பால் புரைக்கேறித்தான் என்று சொல்லி அழுதார்கள், நானும் அழுதேன், நானும் அதையே சொன்னேன். சட்ட வைத்திய அதிகாரி அறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது வேறு. தலைக்குள்ளே இரத்தக் கசிவு. விலா எலும்பில் இரண்டு முறிவு, அது பழசு, ஆறத் தொடங்கியிருந்தது. நான் பவுடர் போட்ட நாளில் அந்த எலும்பு முறிந்துதான் இருந்ததா என்று இன்றைக்கும் கணக்குப் பார்க்கிறேன்.

லயத்துக் காம்பராக்களின் நடுச்சுவர் கூரை வரை போகாது, உனக்குத் தெரியும். ஒரு வீட்டில் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அடுத்த காம்பராப் பெரியம்மா பிறகு என்னிடம் சொன்னது: "கேட்டதும்மா. பிள்ளை கத்தினது கேட்டது, அவன் கத்தினதும் கேட்டது. அப்புறம் பிள்ளை சத்தம் நின்னுடுச்சு. தூங்கிடுச்சுன்னு நினைச்சு நானும் தூங்கிட்டேன்." அந்த மனுஷியைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவள் கேட்டாள், நான் கண்ணால் பார்த்தேன்.

அவனும் பொலிஸில் அதையேதான் சொன்னான். உலுக்கினேன், அழுகை நின்றது, தூங்கிவிட்டது என்று படுக்கப்போட்டேன் என்று. இதில் என்ன கொடுமை என்றால், உலுக்கினால் பிள்ளை உண்மையிலேயே அடங்கிவிடும். சின்னவள் படம் போட்டு விளக்கினாள். கைப்பிள்ளைக்கு உடம்போடு பார்த்தால் தலைதான் பெரிது, கழுத்துக்கு அதைத் தாங்கும் பலம் கிடையாது. உலுக்கும்போது தலை முன்னும் பின்னும் போய் அடிக்கிறது, உள்ளே மூளை அசைகிறது, மூளைக்கும் அதன் மேல் உறைக்கும் நடுவில் ஓடுகிற நூல் மாதிரி இரத்த நாளங்கள் அறுந்துவிடுகின்றன. கண்ணுக்குள்ளும் இரத்தம் கசியும். வெளியே பல நேரம் ஒரு கீறல்கூட இருக்காது. மூளை அடிபட்டு மயங்கிக் கிடப்பதை நாம் தூக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம், மறுநாள் அழுதால் மறுபடியும் உலுக்கத் தோன்றும். பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், வெட்டி வெட்டி இழுக்கும். நம் ஆட்கள் சன்னி என்பார்கள், தோஷம் என்று மந்திரிக்கத் தூக்கிப் போவார்கள்.

பால் புரைக்கேறுவதே இல்லை என்று சொல்லவில்லை. நன்றாகப் படுக்கவைத்த பிள்ளை காரணமே தெரியாமல் தூக்கத்தில் போய்விடுவதும் உலகம் முழுக்க நடக்கிறது, அந்தத் தாய் தகப்பன் மேல் பழி போடுவதைப் போலப் பாவம் வேறு இல்லை. அதனால்தான் பிரேத பரிசோதனை வேண்டாம் என்று லயமே கூடி நிற்பதை இப்போது நான் ஒத்துக்கொள்வதில்லை. குற்றமில்லாதவர்களுக்கும் அதுதான் காவல்.

இன்னொன்றும் சின்னவள் சொன்னாள், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. அமெரிக்காவில் காஃபி என்று ஒரு எக்ஸ்ரே டொக்டர் 1946-இலேயே ஆறு பிள்ளைகளைப் பற்றி எழுதிவைத்தாராம், தலைக்குள் இரத்தக் கசிவு, கூடவே கை கால் எலும்பில் முறிவு, காரணம் தெரியவில்லை என்று. இது பெற்றவர்களும் வளர்க்கிறவர்களும் அடித்து வருவது என்று கெம்ப் என்ற பிள்ளை டொக்டரும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளிப்படையாக எழுதியது 1962-இல்தான். நடுவில் பதினாறு வருஷம். படித்தவர்களுக்கே பெற்றவர்கள் மேல் சந்தேகப்பட மனம் வரவில்லை. அங்கே 2022-இல் மட்டும் ஏறக்குறைய 1,990 பிள்ளைகள் கொடுமையாலும் கவனிப்பில்லாமலும் செத்திருக்கிறார்கள் என்று அரசாங்கமே கணக்குச் சொல்கிறது, பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை ஒரு வயது ஆகாத பிள்ளைகள், ஐந்தில் நாலு பங்குக்கு மேல் பெற்றவர்கள் கையால். அவ்வளவு வசதியான நாடு. ஆகவே இது லயத்துக் குடிகாரர்கள் கதை என்று யாராவது சொன்னால் நான் விடுவதில்லை.

லயத்துக்கென்று தனிக் கஷ்டம் இருக்கிறது, அது வேறு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, பிள்ளை அழுதால் எழுந்து போக இன்னொரு அறை கிடையாது. காலையில் பெயர் கொடுக்கிற பிரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். பிள்ளைக்காம்பரா பூட்டியிருக்கிற நாளில் ஏழு வயது அக்காள் கையில் கைப்பிள்ளையை விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மலைக்குப் போகிற தாயை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே குப்பி விளக்கு. ஏதாவது நடந்தால் "கவனயீனம்" என்று பேப்பரில் போடுவார்கள். அவள் கவனமில்லாமலா போனாள்? மனம் முழுக்கப் பிள்ளையிடம் இருக்க, கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆனால் கிளினிக் கொப்பியில் எடைக் கோடு இரண்டு மாதமாக ஏறாமல் படுத்துக் கிடந்து, மிட்வைஃப் அம்மா மூன்று தரம் கூப்பிட்டும் வராத வீடும் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது. இரண்டு வீட்டுக்கும் யாராவது போயாக வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணி ஓடுகிற கானில் போட்டார்கள், தேயிலைக்கடியில் கிடந்தது என்று பிறந்த பிள்ளைகளைப் பற்றி வருகிற செய்தி பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. பெண்ணை அன்றைக்கே பிடித்துவிடுகிறார்கள், தகப்பன் பெயர் வருவதில்லை. அதை மட்டும் சொல்கிறேன்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். பேத்திக்கு ஐந்து வாரம் என்றாய். எந்த ஊர்ப் பிள்ளையும் இரண்டாம் வாரத்திலிருந்து அழுகை கூடிக்கொண்டே போய், ஆறு எட்டு வாரத்தில் உச்சத்துக்கு ஏறி, மூன்று நாலு மாதத்தில் தானாக இறங்கிவிடும். பொழுதுபட்டால்தான் அதிகம். வயிறு நிறைந்திருந்தாலும், நோய் நொடி இல்லாவிட்டாலும் அழும். காய்ச்சல், வாந்தி இருந்தாலோ பால் குடிக்காவிட்டாலோ காட்டு, இல்லாவிட்டால் அது யார் பிழையும் இல்லை. மருமகனிடம் இதைத்தான் முதலில் சொல்லவேண்டும், பிள்ளை அவனோடு கோபித்துக்கொண்டு அழவில்லை என்று. அவனைக் கூட்டி உட்காரவைத்து ஏசாதே. எரிச்சல் வந்தால் பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுக் கதவைத் திறந்து முற்றத்துக்குப் போகச் சொல். பத்து நிமிஷம் அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஓர் உலுக்கே போதும், எல்லாம் முடிந்துவிடக்கூடும். என் கீழ் லயத்துப் பையனுக்கு இந்த நாலு வார்த்தையை யாரும் சொல்லவில்லை, அவனை வளர்த்த நானும் சொல்லவில்லை.

மகளையும் பார். நீ எழுதியதில் அவள் எங்குமே இல்லை. பிள்ளை அழும்போது அவள் என்ன செய்கிறாள்? பேசுகிறாளா, சாப்பிடுகிறாளா? பிள்ளை தூங்கும்போதாவது அவளுக்குத் தூக்கம் வருகிறதா? பிரசவத்துக்குப் பிறகு மனம் தாழ்ந்துபோவதைக் கண்டுபிடிக்கப் பத்துக் கேள்வி இருக்கிறது, 1987-இல் எடின்பரோவில் செய்தது, மிட்வைஃப் அம்மா கேட்பார். கடைசிக் கேள்வி, உன்னையே ஏதாவது செய்துகொள்ளலாம் என்று தோன்றியதா என்பது. மாமியார் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண் அதற்கு ஆமாம் என்று சொல்வாள்? எல்லாரும் "ஒன்றுமில்லை" என்பார்கள். கேட்கும்போது நீயும் சம்பந்தியும் வெளியே போய்விடுங்கள். ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு பேருக்குப் புத்தியே பேதலித்து, இல்லாத குரல் கேட்டு, பிள்ளையில் பேய் இருக்கிறது என்றெல்லாம் தோன்றும், அது கோயிலுக்குக் கூட்டிப் போகிற விஷயம் இல்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியது. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளை தாய் கையால் இறந்தால், பிரசவத்தால் அவள் மனநிலை குலைந்திருந்ததா என்று நம் நாட்டுச் சட்டமே பார்க்கிறது. சட்டத்துக்குத் தெரிந்தது வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியாமல் போகக் கூடாது.

ராத்திரியில் முடியவில்லை என்றால் 1926-க்கு எடுக்கலாம், அது மனநலத்துக்கு. பிள்ளைக்கு ஆபத்து என்று பட்டால் 1929, தமிழில் பேசலாம், காசு இல்லை. எடுத்தால் குடும்பம் பிரிந்துவிடும் என்று பயப்படாதே. நான் அப்படித்தான் பயந்தேன்.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. வேலையை விட்டு வரும்போது பழையதெல்லாம் எரிக்கச் சொன்னார்கள், அதை மட்டும் எடுத்துவந்தேன். "நலம்" என்று எழுதிய பக்கத்தை நீ வந்தால் காட்டுகிறேன், தபாலில் அனுப்ப மனமில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை நான் புறப்படுகிறேன். ஹட்டனிலிருந்து கண்டி, அங்கிருந்து வவுனியா பஸ், இருட்டுவதற்குள் வந்துவிடுவேன். இரண்டு வாரம் இருப்பேன். ராத்திரி பத்திலிருந்து இரண்டு வரை பிள்ளை என் மடியில் இருக்கட்டும், நீங்கள் மூன்று பேரும் தூங்குங்கள். முழங்கால் வலிக்குக் கதிரை ஒன்று இருந்தால் போதும். பிள்ளையின் காலுக்கு இரண்டு கம்பளி மேசு பின்னிவைத்திருக்கிறேன், உங்கள் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று கேட்காதே, இங்கே கைக்கு வேறொன்றும் பின்ன வரமாட்டேன் என்கிறது.

உன்,
ராணி