நோட்டரியிடம் ஆளே போகாமல் சீல் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீண்ட காலம் வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்தவன் நான். போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம் பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழில் படிக்கும்போதெல்லாம் ஒரு விஷயத்தை எழுத வேண்டும் என்று தோன்றும்.

பத்திரங்களுக்குச் சான்றளிக்க அரசு நியமித்தவர்தான் நோட்டரி. நீதிமன்ற வாசல்களில் அவரிடம் மக்கள் தினமும் சொல்லும் பேச்சு இது: "அம்மாவால நடக்க முடியாது சார். கையெழுத்து வாங்கிக்கிட்டு வந்துட்டேன். சீல் மட்டும் போட்டுக் கொடுங்க." கேட்பவர் பெரும்பாலும் நல்லவர்தான். மின் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமோ, மதிப்பெண் சான்றிதழ் தொலைந்ததற்கு ஒரு பிரமாணப் பத்திரமோ தேவைப்பட்டிருக்கும். அவசரத்தில் சில இடங்களில் சீலும் விழுந்துவிடுகிறது.

அந்த சீல் எதற்குச் சாட்சி என்று யாரும் யோசிப்பதில்லை. 1952ஆம் ஆண்டு நோட்டரி சட்டப்படி ஒரு நோட்டரி செய்யும் முக்கியமான வேலைகள், ஆவணம் எழுதிக்கொடுக்கப்பட்டதைச் சரிபார்த்துச் சான்றளிப்பதும், சத்தியப் பிரமாணம் செய்துவைத்து வாக்குமூலம் வாங்குவதும். இன்னார் என் முன் வந்தார், இன்னார்தான் என்று தெரிந்துகொண்டேன், என் எதிரில் கையெழுத்துப் போட்டார் என்பதே அந்தச் சான்றின் உயிர். ஆள் வராமல் விழுந்த சீல் அன்றைக்கு வேலையை முடித்துக் கொடுத்துவிடும். பின்னால் அண்ணன் தம்பிக்குள் தகராறு வந்து கூண்டில் ஏற்றும்போது, "நோட்டரி ஆபீசுக்குப் போனீர்களா அம்மா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். "நான் எங்கேயும் போகலையே, வீட்டுலதான் கையெழுத்து வாங்கினாங்க" என்று அந்தத் தாய் உண்மையைச் சொல்வார். அதோடு பத்திரம் போயிற்று.

நடக்க முடியாதவர் என்றால் நோட்டரியை வீட்டுக்கு அழைக்கலாம். அப்படி வந்து போவதற்குப் பயணப்படி வாங்கிக்கொள்ள 1956ஆம் ஆண்டு நோட்டரி விதிகளிலேயே இடம் இருக்கிறது. இது பலருக்குத் தெரியவில்லை.

போவதற்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டிய வேலையும் உண்டு. வாசகத்தை முதலில் வெள்ளைத்தாளில் அடித்து வாங்கி, கையெழுத்துப் போடப்போகிறவருக்குத் தமிழில் வரிவரியாக வாசித்துக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் அடித்திருந்தால் கட்டாயம் சொல்லிக்காட்ட வேண்டும். தேதி, சர்வே எண், கதவு எண் எதையும் "அப்புறம் எழுதிக்கலாம்" என்று காலியாக விடாதீர்கள். அந்தக் காலி இடத்தில் யார் கை எதை எழுதும் என்று சொல்ல முடியாது. எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் முத்திரைத்தாளில் அடிப்பதற்கு முன்பே திருத்திவிடலாம். பிரமாணப் பத்திரத்துக்கு 20 ரூபாயாக இருந்த முத்திரைக் கட்டணம் தமிழ்நாட்டில் 2024இல் 200 ரூபாய் ஆகிவிட்டது.

நம் ஊரில் அதிகம் சிக்கல் கொடுப்பது இனிஷியல். ரேஷன் கார்டில் 'சு.முருகன்', ஆதாரில் 'முருகன் சுப்பையா', பட்டாவில் 'முருகேசன்' என்று ஒரே மனிதர் மூன்று பேராக இருப்பார். எல்லா அடையாள அட்டைகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். பெயர் மாறியிருந்தால் 'முருகன் என்கிற முருகேசன்' என்று பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். கையில் அசல் அட்டை இருக்கட்டும், ஜெராக்ஸ் மட்டும் போதாது. நோட்டரி எதிரில் இல்லாமல் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிடவே கூடாது.

கைநாட்டு வைப்பவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். திருவேங்கடம் பிள்ளை – நவநீதம்மாள் வழக்கு நம் தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980இல் எழுதியதாகச் சொல்லப்பட்ட கிரய ஒப்பந்தம், அதில் மறுக்கப்பட்ட ஒரு பெருவிரல் ரேகை. ரேகை மசங்கியோ வெளிறியோ இருந்தால் நீதிபதி வெறும் கண்ணால் ஒப்பிட்டு முடிவுசெய்யக் கூடாது என்று 2008இல் தீர்ப்பு வந்தது. வயலில் உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை எளிதில் விழாது. மை அதிகமானால் வெறும் கறுப்புத் திட்டுதான் விழும். கையைக் கழுவித் துடைத்து, மையை லேசாகத் தொட்டு, ஒரே அழுத்தாக அழுத்தி எடுக்க வேண்டும். உருட்டித் தேய்க்கக் கூடாது. வாசித்துக் காட்டினோம், புரிந்துகொண்டு வைத்தார் என்ற குறிப்பும் பத்திரத்தில் இருக்கட்டும். அதே தீர்ப்பு இன்னொரு பயத்தையும் போக்கியது: வாங்கி ஆறு மாதம் கடந்த முத்திரைத்தாள் செல்லாது என்பது தவறு. அந்த ஆறு மாதக் கெடு, பயன்படுத்தாத தாளைக் கொடுத்துப் பணம் திரும்பப் பெறுவதற்குத்தான்.

நோட்டரி போட்டால் வீடு கைமாறிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது நடக்காது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானால்தான் செல்லும். சொத்து சம்பந்தமான பவர் பத்திரத்தையும் கிரய ஒப்பந்தத்தையும் தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் பதிவு செய்தே ஆக வேண்டும்.

சீல் விழுந்ததும் எழுந்துவிடாமல் அதை ஒரு நிமிடம் பாருங்கள். ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட முத்திரையில் நோட்டரியின் பெயர், அவருக்கு அதிகாரம் உள்ள பகுதி, அவரை நியமித்தது மத்திய அரசா மாநில அரசா என்பதெல்லாம் இருக்க வேண்டும். பதிவேட்டில் ஏறிய வரிசை எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது தருவது அவர் கடமை. முறைகேடு நடந்தால் அவரை நியமித்த அரசிடம் புகார் கொடுக்கலாம்.

நேர்மையாக நடக்கும் நோட்டரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆள் வராவிட்டால் தாளையே தொடமாட்டார்கள். ஆள் வராமலே பக்கத்து மேசையில் சீல் உடனே கிடைப்பதால் அவர்களிடம் வரும் கூட்டம்தான் குறைகிறது. இதைச் சரிசெய்ய அரசு புதிதாகச் சட்டம் போட வேண்டியதில்லை. கட்டண விவரத்தை அலுவலகத்தின் உள்ளேயும் வெளியேயும் பார்வையில் படும்படி வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைச் சட்டத்துறை உண்மையாகவே நடைமுறைப்படுத்தட்டும். அந்தப் பலகை தமிழில் இருக்கட்டும். 'கையெழுத்திடுபவர் அசல் அடையாள அட்டையுடன் நேரில் வர வேண்டும்' என்ற வரியையும் அதில் பெரிய எழுத்தில் சேர்க்கச் சொல்லி உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
கும்பகோணம்.