ராஞ்சேரா பாடல்களும் மறதியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஸ்பானிய மொழிப் பாடல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, மெக்சிகோவின் ராஞ்சேரா பாடல்களைக் காதலில் தோற்றவன் மறப்பதற்காகக் குடிக்கும் பாட்டுகள் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. அப்பாடல்களை நெடுங்காலமாகக் கேட்டுவரும் எனக்கு அந்த வரி உடன்பாடில்லை.

ராஞ்சேரா என்றதும் நினைவுக்கு வரும் பாடலாசிரியர் ஹோசே அல்ஃப்ரெதோ ஹிமெனெஸ், 1926இல் மெக்சிகோவின் தொலோரெஸ் இதால்கோ என்னும் ஊரில் பிறந்தவர். உணவகமொன்றில் பரிமாறும் வேலை பார்த்தவர். இசைக்கருவி எதுவும் வாசிக்கத் தெரியாததால் மெட்டைச் சீழ்க்கையடித்துக் காட்டுவார். ருபேன் ஃபுவெந்தெஸ் போன்றோர் அதை மரியாச்சி என்னும் மெக்சிகோ வாத்தியக் குழுவுக்கேற்ப எழுதிக்கொள்வார்கள். 'து ரெகுவெர்தோ இ யோ' (உன் நினைவும் நானும்) என்ற பாடலில் மதுக்கூடத்து மூலையில் உட்கார்ந்திருப்பவன் கேட்டுக்கொண்டிருப்பது, அவனே விரும்பிப் பாடச் சொன்ன பாட்டு. தெக்கீலா மதுவை ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அவன் நினைப்பு அவளை நோக்கிப் புறப்பட்டுவிடுகிறது. மறக்க வந்தவன் இப்படியா செய்வான்? 'என் எல் உல்திமோ த்ராகோ' (கடைசி மடக்கில்) என்ற பாடலில் பிரியப்போகிறவளையே எதிரில் வைத்துக்கொண்டு, இந்தப் புட்டியை என்னோடு குடி, கடைசி மடக்கில் கிளம்பிவிடலாம் என்கிறான். அங்கே மறதி அவளுடையது. அது எப்படி ருசிக்கும் என்று பார்க்கத்தான் இவன் குடிக்கிறான். இத்தனை ஆண்டுகள் தனக்கு எதையும் கற்றுத்தரவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறான்.

ஆண்பிள்ளை அழக்கூடாது என்றிருந்த ஊரில், நாலு பேர் முன்னிலையில் அழ அவனுக்குக் கிடைத்த இடம் மதுக்கூடம். பெண்ணுக்கு அந்த வாசலும் திறக்கவில்லை. 1980களின் தொடக்கம்வரை மெக்சிகோ நகர மதுக்கூடங்களில் பெண்களை அனுமதிப்பதில்லை. அதனால்தான் இப்பாடல்களைப் பாடிய பெண்ணான சாவேலா வார்கஸை ஒரு சொல்லால்கூடக் கட்டுரை குறிப்பிடாதது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. 1919இல் கோஸ்தா ரிக்காவில் பிறந்து மெக்சிகோவுக்கு வந்து சேர்ந்த அவர், கால்சட்டையும் சிவப்புப் போர்வையங்கியுமாக மேடையேறி, மரியாச்சியின் எக்காளங்களை விலக்கிவிட்டு, கிட்டார் துணையோடு மட்டும் மெதுவாகப் பாடினார். ஆண் பெண்ணை நினைத்துப் பாடுவதாக எழுதப்பட்ட வரிகளை மாற்றாமல் அப்படியே பாடினார்.

இந்தக் குடியை நான் மெச்சவில்லை. ஹிமெனெஸ் 1973இல், 47 வயதில், கல்லீரல் கெட்டு இறந்தார். அவரோடு சேர்ந்து குடித்த சாவேலாவோ, குடியாலேயே பல ஆண்டுகள் மேடையை விட்டு விலகியிருந்தார். குடியை விட்டபின் 1990களின் தொடக்கத்தில் திரும்பி வந்து அதே பாடல்களைப் பாடினார்; 2003இல், எண்பதைக் கடந்த வயதில், நியூயார்க்கின் கார்னகி அரங்கிலும் பாடினார். ஒரு சொட்டு மதுவும் இல்லாமல் பாடிய அந்தக் கரகரத்த முதுமைக் குரலையே, இளமைக்காலப் பதிவுகளைவிட உயர்வாக மதிக்கிறேன்.

கட்டுரையாளர் இதே பொருளில் மீண்டும் எழுதுவாரானால் சாவேலாவுக்கு அதில் உரிய இடம் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்