செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இது தபாலில் போகும்.

ஆண்டு விழா நடந்தது. செயற்குழு நான்கு முறை கூடியது. இரண்டு முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள், இல்லை.

இனி, நம்மிடம் இருக்கும் பழைய சொற்பொழிவுச் சுருக்கெழுத்து நோட்டுகள். "மொபைலில் படம் எடுத்தால் முடிகிற வேலைக்கு ஸ்கேனர் எதற்கு?" என்று சென்ற கூட்டத்தில் கேட்டார்கள். அன்று பதில் சொல்ல நேரம் தரவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். 1837இல் ஐசக் பிட்மன் வெளியிட்ட சுருக்கெழுத்து முறையில் எழுதிய நோட்டுகள் இவை. அதில் கோட்டின் வடிவத்தோடு தடிமனையும் வைத்துத்தான் எழுத்து. நாம் பாட்டுக்கும் பாக்கிக்கும் ஒரே 'பா' போடுகிறோம். பிட்மனில் பாட்டின் ஒலிக்கு மெல்லிய கோடு, பாக்கியின் ஒலிக்கு அதே கோடு தடித்து வரும். மை வெளிறிய தாளை மொபைலில் மங்கலாக எடுத்தாலும், கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தாலும் இரண்டும் ஒன்றாகிவிடும், இல்லை மெல்லியது காணாமலே போகும். கலரில், 400 டிபிஐ-யில்தான் (ஓர் அங்குலத்துக்கு 400 புள்ளி) எடுக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றது இதற்காகத்தான்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். பார்க்கப் பளிச்சென்று இருக்கட்டுமே என்று, முதல் நோட்டின் படங்களில் இருந்த ரூல் கோடுகளை மென்பொருளால் அழித்துவிட்டேன். பிட்மனில் வேகமாக எழுதும்போது உயிரெழுத்தை விட்டுவிடுவார்கள். சொல் வரிக்கு மேலே நிற்கிறதா, வரிமேல் உட்கார்ந்திருக்கிறதா, வரியை வெட்டிக்கொண்டு போகிறதா என்று பார்த்துத்தான் அதை ஊகிக்கவேண்டும். வரியை அழித்தேன், உயிர் போச்சு. மொத்த நோட்டையும் மறுபடி ஸ்கேன் செய்தேன்.

படத்தைக் கணினியில் ஏற்றிவிட்டால் தேடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். படத்தில் உள்ள அச்செழுத்தைப் படித்துத் தரும் ஓசிஆர் மென்பொருள் இந்தக் கோடுகளைப் பார்த்தால் கைவிரித்துவிடும். தெரிந்தவர் உட்கார்ந்து படித்து, முழு எழுத்தில் தட்டச்சு செய்து, நோட்டு எண், பக்க எண் போட்டுப் படத்தோடு சேர்க்கவேண்டும். சந்தேகமான சொல்லுக்குக் கேள்விக்குறி. வாக்கியம் அழகாக வரட்டும் என்று நிரப்பக்கூடாது. பிட்மன் படிக்கத் தெரிந்த உறுப்பினர்கள் மூன்று பேர். ஒருவர் வந்தார். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து இரண்டு பக்கம் முடித்தோம். மற்ற இருவரும் 'அடுத்த வாரம்' என்றார்கள். எந்த வருஷத்து அடுத்த வாரமோ.

"இதெல்லாம் யாருக்கு?" என்றும் ஒரு கேள்வி வந்தது. விவேகானந்தரின் பல சொற்பொழிவுகள் இன்று நமக்குக் கிடைப்பதே, 1895 கடைசியிலிருந்து அவர் பேசப் பேச எழுதிய ஜே. ஜே. குட்வின் என்ற ஸ்டெனோவால்தான். குட்வின் கையோடு முழு எழுத்தில் பெயர்த்தும் கொடுத்தார். நம் நோட்டுகளை எழுதியவர் அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சந்தா வராதவர்களின் பட்டியல் பலகையில் இருக்கிறது. அங்கே பாக்கியைத் தடித்த எழுத்தில்தான் போட்டிருக்கிறேன். தலைவருக்கும் தணிக்கையாளருக்கும் நன்றி.

என் பதவிக்காலம் இன்றோடு முடிகிறது. யாராவது முன்வந்தால் பீரோ சாவியை இப்போதே தந்துவிடுவேன். அதுவரை ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் இங்கேதான் இருப்பேன். இரண்டாம் நோட்டு மேஜைமேல் இருக்கிறது, நாற்காலிகளும் போட்டிருக்கிறேன்.